கடைமடையிலிருந்து சைலன்ட் வேலிக்கு

கேரளாவில் இருக்கிற சைலன்ட் வேலி மழைக்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பாலக்காடு, மண்ணார்க்காடு வழியாகத்தான் போவார்கள். நான் சொல்லப்போவது மறுபக்க வழி. மன்னார்குடியில் ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் கோயம்புத்தூர், அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டு ஆனைகட்டி, அகளி என்று அட்டப்பாடியைக் குறுக்கே கடந்தால் முக்காலி, காட்டுக்கு வாசல் அந்த ஊர்தான். பஸ்ஸும் இருக்கிறது, நாங்கள் மூன்று பேர் என்பதால் கார் பிடித்துக்கொண்டோம். வளைவும் மேடும் பள்ளமுமாக இடுப்பை உண்டு இல்லை என்று பண்ணிவிடும் சாலைதான். இருந்தாலும் மழைக்காடு எங்கே, எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இந்த வழியில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

ஆனைகட்டியில் உடைமுள், கள்ளி, வெள்ளாடு மேயும் பொட்டல். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அகளி தாண்டினால் வாழையும் தென்னையும் வருகிறது, மேகம் தாழ்ந்துவிடுகிறது, முக்காலியை நெருங்கும்போது தூறல் பிடித்துக்கொள்கிறது, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் காருக்குள் ஆவி படிகிறது. எல்லாம் காலைச் சாப்பாடு செரிப்பதற்குள். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிற மழையை மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது, கிழக்கே போகப் போக மிச்சம் மீதிதான். மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்விக்காகப் படித்ததை இங்கே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

உடன் வந்தவர்கள் சித்தப்பாவும், காலேஜ் படிக்கிற அண்ணன் மகனும். எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், கோரையாற்றுப் பாசனம், தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற சரியான கடைமடை. குறுவை எங்களுக்குக் கிடையாது. சம்பாவுக்கு நாற்று விட தண்ணீர் வந்து சேருகிற வரைக்கும் ஆகஸ்ட் மாதத்தில் சித்தப்பாவுக்கு வேலை என்று பார்த்தால் டீக்கடையில் மேட்டூர் எத்தனை அடி என்று விசாரிப்பது ஒன்றுதான். அதனால் நான் கூப்பிட்டதும் வந்துவிட்டார். பையன் வந்தது புலி பார்க்க.

எங்கள் பக்கத்தில் காடு என்று சொன்னால் அது கோடியக்கரை. 1967-லேயே சரணாலயம் ஆக்கிவிட்டார்கள், வெளிமான் இருக்கிறது, பாலை மரம் நிறைய. அதுவும் பசுமை மாறாக் காடுதான், ஆனால் உலர் வகை. கடல் காற்றில் வளர்ந்து ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதுமே போதும் என்று நின்றுவிடுகிற மரங்கள். இன்னொரு பக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அது சேறும் உப்புத் தண்ணீரும். இந்த இரண்டையும் பார்த்துப் பழகின கண்ணோடு சைலன்ட் வேலிக்குப் போவது ஒரு வகையில் நல்லதுதான், ஏனென்றால் மரம் உயரமாக இருப்பதே நமக்குப் புதுசு.

முக்காலியில் வனத்துறை அலுவலகத்தில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்புக்காக நின்றோம். ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. ஆற்றுச் சத்தம் கேட்டால் சித்தப்பாவுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது, பெட்டிக்கடைக்காரரிடம் போய்விட்டார்.

"இது என்ன ஆறு தம்பி?"

"பவானி."

"எந்த பவானி?"

"பவானின்னா பவானிதான் அண்ணா. உங்க ஊருக்கு வர்ற பவானி."

அட்டப்பாடியில் தமிழுக்குப் பஞ்சமில்லை, கடைக்காரர் நன்றாகவே பேசினார். சித்தப்பாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பவானி என்றால் பவானிசாகர், ஈரோடு பக்கம். அது கேரளாவில் என்ன செய்கிறது? விஷயம் என்னவென்றால், பவானி நீலகிரியில் மேல்பவானிப் பக்கம் உற்பத்தியாகி, தென்மேற்காக இறங்கி கேரளாவுக்குள் வந்து, இந்த முக்காலியில் சட்டென்று திரும்பி வடகிழக்கு நோக்கி அட்டப்பாடி வழியாக ஓடுகிறது. நாங்கள் காலையில் வந்த சாலையும் ஏறக்குறைய அதன் கூடவேதான் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் சிறுவாணி சேர்ந்துகொள்கிறது, அப்புறம் மேட்டுப்பாளையம், பவானிசாகர், கொடிவேரி, பவானி கூடுதுறையில் காவிரி, பிறகு முக்கொம்பு, கல்லணை, வெண்ணாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மூன்றாகப் பிரிந்து அதில் ஒன்றாகக் கோரையாறு, அதிலிருந்து எங்கள் வாய்க்கால். நான் இதை வரிசையாகச் சொல்லி முடித்ததும் சித்தப்பா பாலத்துக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். மேற்கே கைகாட்டி, "அந்தப் பக்கம் இறங்கியிருந்தா மண்ணார்க்காடு போயிருக்கும்ல" என்றார். ஆமாம், முக்காலியிலிருந்து மேற்கே மலைப்பாதை இறங்குகிற இடம் மண்ணார்க்காடு, அந்தப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் அரபிக்கடலுக்கு. ஒரு மேடு குறுக்கே இருப்பதால் நமக்கு.

நமக்கு என்று சொல்வதிலும் கொஞ்சம் அடக்கம் வேண்டும். 1955-ல் கட்டி முடித்த பவானிசாகரும், அதிலிருந்து போகிற கீழ்பவானி வாய்க்காலும், கோபி பக்கத்துப் பழைய பாசனமும் குடித்தது போக மிச்சம்தான் கூடுதுறைக்கு வரும். டெல்டாவுக்கு மேட்டூரே கதி. பவானி எங்களுக்கு வெள்ளக் காலத்து விருந்தாளி. ஆனாலும் கணக்கில் இருக்கிறது: 2007-ல் வந்த காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் கேரளாவுக்கு 30 டி.எம்.சி., அதில் பவானிப் படுகைக்கு 6. 2017-ல் அட்டப்பாடியில் பவானியின் குறுக்கே கேரளா தடுப்பணை கட்டியபோது கோவை, ஈரோடு பக்கமெல்லாம் போராட்டம் நடந்தது. நாங்கள் அப்போது ஊரில் செய்தி பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தோம், அந்த இடம் எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

சரி, ஜீப் வந்தது.

முக்காலியிலிருந்து காட்டுக்குள் இருக்கிற சைரந்திரி வரைக்கும் 23 கிலோமீட்டர். நம் வண்டி போகக் கூடாது, வனத்துறை ஏற்பாடு செய்கிற ஜீப்பும் வழிகாட்டியும்தான். ஏறுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் சோதனை. பையனுடைய சிப்ஸ் பாக்கெட் போனது, என் தண்ணீர் பாட்டில் போனது, சித்தப்பா வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு டியூப் இருந்தது. அதுவும் பிளாஸ்டிக். காவலர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க, இவர் ஒரு வெற்றிலையை எடுத்து முழுச் சுண்ணாம்பையும் அதில் பிதுக்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு காலி டியூபை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்தச் சுண்ணாம்பு பிற்பாடு எங்கள் மூவரையும் காப்பாற்றியது.

வழிகாட்டி முடுகர் இனத்துக்காரர். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். ஆனால் காட்டின் நடுப்பகுதியான பள்ளத்தாக்குக்குள் மனிதர்கள் ஊர் போட்டுக் குடியிருந்ததற்குத் தடயமே இல்லை என்கிறார்கள். நுழையும் வழியில் காப்பித் தோட்டம் கொஞ்ச தூரம் வருகிறது. அதெல்லாம் தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வளையம், 2007-ல் சேர்த்தது, 147 சதுர கிலோமீட்டருக்கு மேல். உள்ளே இருக்கிற பூங்கா 89.52. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கன்னி நிலம், மனிதன் கை படாதது என்றெல்லாம் எழுதுகிறார்களே, அது முழுக்க சரியில்லை. 1914-ல் காப்புக்காடாக்கிய பிறகும், 1927 முதல் 1976 வரைக்கும் சில பகுதிகளில் வனத்துறையின் மரம் வெட்டும் வேலை நடந்திருக்கிறது. அப்படியும் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

புலி பார்க்க வந்த பையனின் முகம் பாதி வழியிலேயே தொங்கிவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மிருகம் பார்க்க வேண்டும் என்றால் முதுமலைக்குப் போங்கள். மழைக்காட்டில் புலியும் யானையும் இல்லாமலில்லை, கண்ணுக்கு அகப்படாது. பத்தடிக்கு அப்பால் பச்சைச் சுவர். இங்கே நடப்பதெல்லாம் தலைக்கு மேலே. மரம் நூறு அடிக்கு மேல் போய்த்தான் கிளை விரிக்கிறது, வெயில் அங்கேயே நின்றுவிடுகிறது, பூ, காய், பூச்சி, குரங்கு, இருவாட்சி எல்லாரும் மேல்மாடியில் குடியிருக்கிறார்கள், கீழே நிற்கிற நமக்கு அவர்கள் போடுகிற எச்சிலும் தோலும்தான். கழுத்து வலிக்கப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு உண்டான காடு இது.

சோலைமந்தியைப் பார்த்தோம். சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள்: கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. வழிகாட்டி ஜீப்பை நிறுத்தச் சொல்லி, காதைத்தான் காட்டினார், கண்ணை இல்லை. முதலில் கேட்டது மேலேயிருந்து ஏதோ தொப்பு தொப்பென்று விழுகிற சத்தம். போய்ப் பார்த்தால் முள் நிறைந்த காயின் ஓடுகள், கையடக்கப் பலாப்பிஞ்சு மாதிரி, தொட்டால் மட்டும் குத்துகிறது. வெடிப்பலா. சோலைமந்தி இந்த மரத்தை நம்பித்தான் வருஷத்தில் பெரும்பகுதி பிழைக்கிறது, பூவையும் தின்னும், காயைப் பிளந்து கொட்டையையும் தின்னும். ஒரு குட்டி அம்மாவின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தலைகீழாக எங்களைப் பார்த்தது. அம்மா ஓட்டைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் பிளந்து, கொட்டையை உருவி, கன்னத்துப் பைக்குள் அதக்கிக்கொண்டு, அடுத்த காய்க்குப் போய்விட்டது. எங்களைப் பற்றி அதற்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை.

வெடிப்பலா குறைந்தால் சோலைமந்தி குறையும். அது மரம் விட்டு மரம் மேலேயே போகிற ஜாதி, கீழே இறங்க மனசு வராது, அதனால் நடுவில் ஒரு அகலமான சாலையோ அணையின் தண்ணீரோ வந்துவிட்டால் அந்தக் கூட்டம் அந்தப் பக்கம், இந்தக் கூட்டம் இந்தப் பக்கம், அவ்வளவுதான். இந்தக் குரங்கை வைத்துத்தான் நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன் இந்தக் காட்டுக்காகச் சண்டை நடந்தது. அந்தச் சண்டையைப் பிறகு சொல்கிறேன், முதலில் அட்டை.

காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடக்க விட்டார்கள். அட்டை எங்களுக்குப் புதிதில்லை, குளத்தில் மாடு குளிப்பாட்டும்போதும் நாற்று பறிக்கும்போதும் காலில் ஏறியதைப் பிடுங்கி எறிந்தவர்கள்தான். ஆனால் அது தண்ணீர் அட்டை, தண்ணீரில் இறங்கினால்தான் வரும். இது நிலத்து அட்டை. இலை நுனியில் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, உடம்பை நூலாக நீட்டி, காற்றில் துழாவிக்கொண்டிருக்கிறது. நம் மூச்சும், உடம்புச் சூடும், அடி வைக்கிற அதிர்வும் அதற்குத் தெரிந்துவிடுகிறது; நின்று போட்டோ எடுத்தால் நாலு பக்கத்திலிருந்தும் சாண் போட்டுக்கொண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடிப்பது தெரியாது. மூன்று தாடை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சரக்கை உள்ளே செலுத்திவிட்டுத்தான் குடிக்கும், அதனால் அது குடித்து முடித்துத் தானாக விழுந்த பிறகும் ரத்தம் நிற்காமல் வழியும். பையன் ஷூவுக்குள் முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போட்டிருந்தான், அந்தச் சாக்ஸின் பின்னலுக்குள்ளேயே ஒன்று நுழைந்து உட்கார்ந்திருந்தது. சித்தப்பா வெற்றிலை மடிப்பைப் பிரித்தார். விரல் நுனியில் துளி சுண்ணாம்பு, அட்டையின் வாய்ப்பக்கம் ஒரு தொடல், சுருண்டு விழுந்தது. வழிகாட்டி சிரித்துவிட்டு, நாங்களும் இதைத்தான் செய்வோம், புகையிலைத் தண்ணீரும் உண்டு என்றார். அதற்கப்புறம் அவர்கள் இருவரும் முன்னால் பேசிக்கொண்டே போனார்கள், படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் பின்னால் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

சித்தப்பா காட்டைப் பார்த்த விதமே வேறு. ஒரு பெரிய மரத்தின் அடியில் பலகை வேர் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தது. எல்லாரும் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் குனிந்து கால் பெருவிரலால் சருகை விலக்கி மண்ணைக் கிளறினார். கறுப்பு மண், கொஞ்சம்தான், உடனே அடியில் செம்மண்ணும் கல்லும் வந்துவிட்டது. "அடேங்கப்பா, இவ்வளவு பெரிய மரம், மண்ணு ஒரு சாண் இல்லையேப்பா" என்றார். மழைக்காட்டின் சூட்சுமமே அதுதான். விழுகிற இலை சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் மட்கி, மண்ணில் தங்குவதற்குள் மேலாக ஓடுகிற வேர்கள் சத்தை இழுத்துக்கொள்கின்றன. சொத்து முழுக்க மரத்தில்தான் இருக்கிறது, மண்ணில் இல்லை. வேர் ஆழமாகப் போக அவசியமில்லாததால் மரம் விழாமல் இருக்க அந்தப் பலகை முட்டு. எங்கள் ஊரில் நேர்மாறு. மேலே ஒன்றும் இருக்காது, கோடையில் பார்த்தால் வெடித்துக் கிடக்கிற களிமண், ஆனால் அத்தனை சத்தும் கீழே. அதனால் எங்கள் நிலத்தை எத்தனை தடவை அறுத்தாலும் அடுத்த போகம் வரும். இங்கே மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினால் நிலத்தையே ஏற்றிவிட்டதாக அர்த்தம், மிச்சத்தை நாலு மழை கரைத்துவிடும்.

சைரந்திரியில் ஒரு கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது, நூறு அடி உயரம் இருக்கும். ஏறும்போது கால் கொஞ்சம் ஆடும். மேலே நின்றால் அலையலையாக மரத்தின் தலைகள், ஒரே பச்சையில் எத்தனை பச்சை, நடுவில் குந்திப்புழை ஆறு ஒரு கோடாகத் தெரிகிறது. எங்களோடு ஏறிய ஒரு கும்பல் போனில் பாட்டை அலற விட்டுக்கொண்டிருந்தது, அவர்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

கோபுரத்திலிருந்து கீழே இறங்கி நடந்தால் குந்திப்புழை, அதன்மேல் தொங்குபாலம். (சில சமயம் அங்கே விடமாட்டார்கள், மழையைப் பொறுத்தது.) இந்த ஆற்றின் குறுக்கே, இந்தச் சைரந்திரியில்தான் அணை கட்டுவதாக இருந்தது. மின்சாரம் எடுக்கத் தோதான இடம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1920-களின் கடைசியிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். 1973-ல் திட்டக்குழு அனுமதி கொடுத்தது. அதற்கப்புறம் கிளம்பிய எதிர்ப்பு ஒரு பெரிய கதை: கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற அறிவியல் இயக்கம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி என்று பலரும் குரல் கொடுத்தார்கள், வழக்கு, விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன் தலைமையில் ஆய்வுக் குழு. கடைசியில் 1983-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள், 1984 நவம்பரில் தேசியப் பூங்கா, 1985 செப்டம்பர் 7 அன்று ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். 1986-ல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் இது ஒரு மையப் பகுதியானது, 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தபோது இதுவும் உள்ளே இருந்தது.

இதில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருத்தர் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். எழுபதுகளின் கடைசியில் மத்திய வேளாண் துறைச் செயலாளராக இருந்தபோது நேரில் வந்து பார்த்துவிட்டு, அணை வேண்டாம், சைலன்ட் வேலியின் 89.52 சதுர கிலோமீட்டரோடு புதிய அமரம்பலம் 80, அட்டப்பாடி 120, நம் தமிழ்நாட்டுக் குந்தா 100 எல்லாம் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டரை தேசிய மழைக்காட்டு உயிர்க்கோளக் காப்பகமாக ஆக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். அவர் சொன்ன காரணம் அழகு, அமைதி இதெல்லாம் இல்லை. இங்கே இருக்கிற மரபணுக்கள் அழிந்துபோய்விடக் கூடாது என்பது. அது ஒரு பயிர் ஆராய்ச்சிக்காரரின் கவலை. தொங்குபாலத்துப் பக்கம் நின்று இதைச் சொன்னபோது சித்தப்பா கேட்டது: "யாரு, ஐ.ஆர். எட்டு நெல்லு கொண்டாந்தவரா? அவருக்கு இந்தக் காட்டுல என்ன ஜோலி?"

ஜோலி இருந்தது. சித்தப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்வதற்கு, நெற்பயிரைத் தாக்குகிற புகையான் பூச்சியிலிருந்து ஆரம்பித்தேன். டெல்டாக்காரர்களுக்குப் புகையானை விளக்க வேண்டாம், தூரின் அடியில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஈயாக மொய்த்துக்கொண்டு சாற்றை உறிஞ்சும், இன்றைக்குப் பச்சையாக இருந்த வயலில் ரெண்டு நாளில் வட்ட வட்டமாகக் கருகல் விழும், பயிரை ஒதுக்கிவிட்டு, தண்ணீரை வடித்து, மருந்து அடித்து, அப்படியும் சில வருஷம் அறுவடை இயந்திரக் கூலிக்குக்கூடத் தேறாது. எழுபதுகளில் அதே புகையான் பரப்புகிற ஒரு வைரஸ் நோய் நெல்லைக் குட்டையாக்கி ஆசியா முழுக்க நாசம் பண்ணியது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்ததில் அந்த நோயைத் தாங்கியது உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல். விளைச்சல் இல்லை, மணி உதிர்ந்துவிடும், எந்த விவசாயியும் திரும்பிப் பார்க்காத புல். அதிலிருந்துதான் ஐ.ஆர். 36 போன்ற ரகங்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. எந்தச் செடியில் எது இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாது, வேண்டும் என்கிற நாளில் அது உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வாதம்.

புகையானைத் தாங்குவதற்கு உலகத்தில் பல நாட்டுக்காரர்கள் எடுத்து ஆண்ட இன்னொரு நெல் பி.டி.பி. 33. அது காட்டு நெல் இல்லை, நாட்டு நெல், பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வு செய்தது. அந்தப் பட்டாம்பி இதே பாலக்காடு ஜில்லா, இந்தக் குந்திப்புழை தூதப்புழையோடு சேர்ந்து போய்க் கலக்கிற பாரதப்புழையின் கரையில் இருக்கிற ஊர். இதைக் கேட்டதும் சித்தப்பாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு வெளிச்சம். சோலைமந்தியைப் பார்த்தபோதுகூட அது வரவில்லை.

குந்திப்புழைத் தண்ணீர் அடி தெரிகிறது. ஆகஸ்ட் மாதம், மேலே மழை பெய்துகொண்டிருக்கிறது, ஆனாலும் கூழாங்கல்லின் நிறம் சொல்லலாம். கடைசி எட்டு கிலோமீட்டரில் அறுபது மீட்டர்தான் இறங்குகிறதாம், அதனால் பாய்ச்சல் இல்லை. மேலே வயலோ தோட்டமோ இல்லாததால் உரமும் மருந்தும் கலக்க வழியில்லை. காடு மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால் கலங்கலும் இல்லை. எங்கள் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வருகிற அன்றைக்கு நிறம் டீ நிறம், முன்னால் நுரையும் சருகும் செருப்பும் வெங்காயத்தாமரையும் மிதந்து வரும், அதைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சந்தோஷமே. சித்தப்பா குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "குடிக்க நல்லாத்தான் இருக்கு. வயலுக்கு ஆகாது. வண்டலே இல்ல."

இதைக் கேட்டு நான் சிரித்தேன், அப்புறம் யோசித்தால் அது அப்படி ஒன்றும் லேசான பேச்சில்லை. மேட்டூர் அணை 1934-ல் வந்தது. அதற்கு முன்னால் ஆடிப்பெருக்கில் வண்டல் வந்து வயலில் படிந்ததையும், அணை வந்த பிறகு அது குறைந்ததையும் எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் ஓயாமல் சொல்வார்கள். டெல்டாவே மலை கரைந்து வந்த மண்தான். காடு ஒழுங்காக இருந்தால் மண் வராது, மண் வராவிட்டால் நாங்கள் நிற்கிற தரையே உண்டாகியிருக்காது. ஆனால் அது லட்சக்கணக்கான வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்த மண், ஒரு மலையை மொட்டை அடித்து ஒரே மழையில் வருகிற சேறு இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் வயலில் நிற்கிறவனுக்குத் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும், ஒத்துக்கொள்ள மட்டும் மாட்டார்.

"இந்த ஆறு நமக்கு வருதா?" என்று அடுத்த கேள்வி.

வராது. பவானி கிழக்கே, குந்தி மேற்கே. இந்த ஆறு பொன்னானியில் போய் அரபிக்கடலில் விழுகிறது. அணை கட்டியிருந்தாலும் எங்களுக்கு நஷ்டமில்லை, கட்டாததாலும் ஒரு சொட்டு லாபமில்லை. "அப்ப நமக்கு என்னதான் வருது இதுல?" என்றார். டெல்டாக்காரர்களுக்கு இது ஒரு வியாதி என்றே சொல்வேன், எங்கே மழை பெய்தாலும், குடகில் பெய்தாலும் வயநாட்டில் பெய்தாலும், அதை மேட்டூர் நீர்மட்டத்தில் எத்தனை அடி என்றுதான் படிக்கிறோம். அந்த மழை விழுகிற இடத்தில் ஒரு காடு நிற்கிறது, அதற்கும் அது தேவை என்பதே நம் கணக்கில் வருவதில்லை. நான் இதைக் கொஞ்சம் காரமாகவே சொன்னேன். சித்தப்பா பதில் சொல்லவில்லை. வழிகாட்டி மட்டும், "எங்களுக்கும் மழை வேணும் சார், எங்க கிழக்குப் பக்கத்து ஊருங்கள்ல குடிக்கவே தண்ணி இல்ல" என்றார். பவானி ஓடுகிற அட்டப்பாடியிலேயே, காலையில் நாங்கள் பார்த்துக்கொண்டு வந்த அந்தப் பொட்டல் ஊர்களைத்தான் சொல்கிறார். இதற்கு எங்களிடம் பதில் இல்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். காலையில் சீக்கிரம் முக்காலி போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் உள்ளே விடுவதில்லை, ஜீப்பும் அளவாகத்தான் இருக்கும். முன்னாலேயே விசாரித்துப் பதிவு செய்துகொள்வது உத்தமம். கையில் ரொக்கம் இருக்கட்டும், சிக்னல் கிடைக்காது. போய்வர அரை நாள் ஆகும், உள்ளே சாப்பாட்டுக் கடை கிடையாது. முதுகு வலிக்காரர்கள் ஜீப்பில் முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். மழைக்காலத்தில் போனால்தான் காடு காடாக இருக்கும், ஆனால் அட்டையும் இருக்கும், பாதையும் சில நாள் மூடியிருக்கும். அட்டைக்குப் பயந்தவர்கள் டிசம்பருக்கு மேல் போகலாம். சுண்ணாம்பை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு போங்கள், டியூபில் வேண்டாம்.

பையன் ஊருக்கு வந்து புலி பார்க்கவில்லை என்பதை மறைத்து, சோலைமந்தி வீடியோவைப் போட்டு ஏகப்பட்ட லைக் வாங்கிவிட்டான். சித்தப்பாவிடம் டீக்கடையில் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கு அவர் பவானி கேரளாவிலிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் சொல்கிறார், யாரும் நம்புவதில்லை, என்னைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைக்கிறார். காட்டுக்கு மறுபடி வருவீர்களா என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார். ஆனால் பட்டாம்பிக்குப் போக எந்த மாதம் தோது, அங்கே நெல் கதிர் பிடிப்பது எப்போது என்று இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டுவிட்டார், டிக்கெட்டை நான்தான் போட வேண்டுமாம்.